அளவு நாளுக்கு முந்திய வாரம்

எங்கள் ஊர்க்காரர்களைப் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்கவிடாமல் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் என் சித்தி. ரத்த அழுத்தம் அளப்பதற்கு முன்னால் மனிதர் அமைதியாக இருக்க வேண்டும், பேசினால் அளவு ஏறிவிடும். வருடத்துக்கு ஒரு முறை வரும் அளவு நாளில், பொதுக்கூடத்துப் பெஞ்சில் பாதங்களைத் தரையில் பதித்து, முதுகைச் சாய்த்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு ஊரே காத்திருக்கும். ஒரு முணுமுணுப்பு கேட்டால் போதும்.

"யாரு அது? திரும்ப முதல்லேர்ந்து அஞ்சு நிமிஷம். உன்னால உங்க மாமியாரும் சேர்ந்து உட்காரணும்."

"நான் பேசலைக்கா, இருமினேன்."

"இருமல்ல 'அந்தக் கதை தெரியுமா'ன்னு வருமா?"

சித்தி தையல்காரி. அவர் மெஷின் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும் என்பதால் ஊருக்கு அவர் மெஷின் அக்கா. நகரத்தில் உள்ள சுகாதார ஆராய்ச்சி மையம் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள சில ஊர்களையும் இருபது வருடங்களுக்கும் மேலாக விடாமல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதே மனிதர்கள், அதே வீடுகள், வருடா வருடம் அளவு. அழுத்தம் கூடியவர்களுக்கு மாதா மாதம் பொதுக்கூடத்தில் மருத்துவ முகாம் நடத்தி மாத்திரையும் கொடுக்கிறது. எங்கள் ஊரில் மையத்தின் ஆள் சித்தி. மையத்தில் எங்கள் ஊரின் ஆளும் சித்திதான்.

நானும் அதே மையத்தில் வேலை பார்க்கிறேன். புள்ளியியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான் பட்டம் வாங்கிய அன்றிலிருந்து சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பட்டதாரி, இங்க வா" என்பார். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல்.

மையத்துக்காரர்கள் முதன்முதலில் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. அந்தக் கதையை அம்மா சொல்லித்தான் தெரியும். அவர்களுக்கு முன்னால் வேறு யாரோ வந்து, ரத்தம் எடுத்து, கேட்காமல் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரங்களைத் திறந்து பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். அதனால் மையத்தின் டாக்டரம்மா பொதுக்கூடத்தில் நின்று பேசியபோது ஊர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தைத்த துணியை யாருக்கோ கொடுக்க வந்த சித்தி, பையும் கையுமாக நின்றபடியே கேட்டாராம்:

"போன தடவை வந்தவங்களும் இப்படித்தான் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. ஒரு சட்டைக்கு அளவு எடுத்தாக்கூட நான் தைச்சுத் திருப்பிக் கொடுக்கணும். நீங்க எங்களை அளந்துட்டுப் போனா எங்களுக்கு என்ன திரும்பி வரும்?"

டாக்டரம்மாவுக்கு அப்போது சின்ன வயது. "நீங்களே சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரை பேச்சு ஓடியது. கடைசியில் ஊர் இரண்டு நிபந்தனை போட்டது. எங்களை அளந்து கண்டுபிடித்ததை வெளியே சொல்வதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். எந்த வீட்டுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லாமல் வரக்கூடாது. இரண்டாவது நிபந்தனையை விடாப்பிடியாக வாங்கியது சித்தி. "இதையெல்லாம் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே" என்று டாக்டரம்மா கேட்க, ஊர் ஒரே குரலில் சித்தியைக் கைகாட்டியது. கேள்வி கேட்ட வாயே வேலைக்கும் போனது.

அந்த வேலை சுலபமில்லை. அழுத்தம் இறங்க உப்பைக் குறைக்கச் சொல்வது எங்கள் மொழியிலேயே கஷ்டம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறோம், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறோம். நம் பழமொழிகள் எல்லாம் உப்பின் கட்சி. சித்தி அவற்றில் ஒன்றை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான். அதிகமா தின்னவன் மாத்திரை முழுங்குவான்."

முதல் சில வருடங்கள் முடிவு சொல்லும் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஊரின் சராசரி இவ்வளவு என்றால் யாருக்கு என்ன? அப்போதுதான் சித்திக்கு ஒரு யோசனை வந்தது. கரும்பலகையில் தெருவாரியாக எழுதினார். மேட்டுத் தெரு, கடைத் தெரு, குளத்துத் தெரு. எந்தத் தெருவுக்கு அழுத்தம் குறைவு, எதற்கு அதிகம். அடுத்த கூட்டத்தில் உட்கார இடமில்லை. மேட்டுத் தெருவின் மாவு மில்லுக்காரர் எழுந்து நின்று, "குளத்துத் தெருவில தண்ணி மட்டும்தான் உப்பா, இல்ல ஆளுங்களுமா?" என்று கேட்க, குளத்துத் தெரு ஒரு வருடம் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு எண்கள் இறங்கின. வருடத்துக்கு வருடம், தெருவுக்குத் தெரு. நான் மையத்தில் சேர்ந்த பிறகு போட்ட முதல் வரைபடம் எங்கள் ஊருடையது. மேலிருந்து கீழே வாய்க்கால் போல வழிந்து இறங்கும் கோடு. டாக்டரம்மா அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அதன் முன் நின்று பார்த்தார்கள். எங்கள் ஊரின் முறையை அரசாங்கம் இன்னும் பல ஊர்களுக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு வந்தது. அந்த வருடத்து அளவு முடிந்ததும் அறிக்கை போக வேண்டியதுதான்.

அந்த வருடத்து அளவு நாளில்தான் சித்தப்பா விழுந்தார்.

சித்தப்பா ஊர்த் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர். விடியற்காலையில் மோட்டார் அறைக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். பெஞ்சில் குளத்துத் தெருக்காரர்களோடு உட்கார்ந்திருந்தவர், மெல்லப் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தார். அவர் எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்பவர், அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சித்திகூட, "எழுந்திரிங்க, இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை. தோளிலிருந்து மடிக்கும் மடியிலிருந்து தரைக்கும் சரிந்தார்.

மையத்து நர்ஸ் ஓடிவந்து படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார். சித்தி பட்டையைச் சுற்றினார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து நர்ஸ் இன்னொரு முறை அளக்கச் சொன்னார். அதே எண். தரையோடு தரையாக இறங்கியிருந்தது அழுத்தம்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா கண்ணைத் திறந்து, "எங்க தெரு ஜெயிச்சுதா?" என்றார்.

சித்திக்கு ஏதோ புரிந்துவிட்டது. "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரைதான்."

"எத்தனை?"

"ரெண்டு. இல்ல, மூணு. நேத்து ராத்திரியும் ரெண்டு போட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

"உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதானே. முந்தாநாள் எத்தனை போட்டீங்க?"

சித்தப்பா நியாயமாகவே பதில் சொன்னார். "முந்தாநாள் அளவு நாள் இல்லையே."

மோட்டார் அறை அலமாரியில் மாதக்கணக்கில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. காலை மாத்திரையை அங்கே போட்டுக்கொள்கிறார் என்று சித்தி நம்பியிருந்தார். அவர் அதை அங்கே போட்டுத்தான் வைத்திருந்தார்.

சித்தி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "வேற யாரெல்லாம் இப்படி?"

பெஞ்சு அன்று காட்டிய அமைதியை அதற்கு முன் காட்டியதில்லை. கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதே மெஷினு. அளவு நாளுக்கு முந்தின வாரம் உப்பைக் குறைச்சுக்குவோம். மாத்திரை ஒழுங்கா போட்டுக்குவோம். பெண் பார்க்க வர்ற அன்னைக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கறதில்லையா, அது மாதிரிதான்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல யாரு பார்க்கறா?"

மேட்டுத் தெருவிலும் இதே கதைதான் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். கடைத் தெருவில் முந்திய வாரம் கருவாடு விற்பனையே நின்றுவிடுமாம். பக்கத்து வீட்டு அத்தை இன்னொன்றும் சொன்னார், அதுதான் சித்தியை உட்கார வைத்தது.

"உனக்காகத்தான். நீ இந்த ஊருக்காக நாயா அலையறே. நம்பர் ஏறிச்சுன்னா மையத்துல உன்னைத் திட்டுவாங்கல்ல? உன் பேரு கெடக்கூடாதுன்னு ஊரே பார்த்துப் பார்த்துச் செஞ்சது."

எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முந்திய இரவில் மொத்தப் புத்தகத்தையும் விழுங்கித் தேறியவர்களோடுதான் நான் படித்தேன். ஊர் எங்களைப் போலத் தேறியிருக்கிறது. ஆனால் இங்கே விழுங்கியது மாத்திரை.

மறுநாள் நானும் சித்தியும் டாக்டரம்மாவின் அறையில் நின்றோம். சுவரில் என் வரைபடம். சித்தி எதையும் மறைக்கவில்லை, எதையும் குறைத்தும் சொல்லவில்லை. "அளவு நாள்ல அளந்தது சரி. ஆனா அது அந்த ஒரு வாரத்து அளவு. மிச்ச வருஷம் எங்களுக்குத் தெரியாது. தெருவாரியா எழுதிப் போட்டியை மூட்டினது நான்" என்றார்.

டாக்டரம்மா எழுந்துபோய்ச் சுவரிலிருந்து வரைபடத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. கவனமாகப் பசையைப் பெயர்த்து, என் கையில் கொடுத்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"இதை நம்பி இன்னும் பல ஊருக்குப் போகப் போறாங்க. போக விடக்கூடாது. அறிக்கையை நிறுத்திடறேன்" என்றார். பிறகு, "உண்மை தெரியணும்னா ஒரு வழிதான். சொல்லாம போய் அளக்கணும். ஆனா சொல்லாம வரமாட்டோம்னு உங்க ஊருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். ஊர் அதை விட்டுக்கொடுத்தா உண்டு. இல்லைன்னா உங்க ஊரோட இந்த வேலையை நிறுத்த வேண்டியதுதான். தெரிஞ்சே தப்பான நம்பரை எழுத முடியாது."

"முகாம்?" என்று சித்தி கேட்டார்.

"ஆராய்ச்சியோட சேர்ந்ததுதானே முகாம்."

திரும்பி வரும் பேருந்தில் சித்தி என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி மடியில் விரித்தார். "நான் தைச்ச சட்டை, பட்டதாரி. நான்தான் பிரிக்கணும்."

கூட்டம் அடுத்த வாரம் நடந்தது, டாக்டரம்மாவும் வந்திருந்தார். சித்தி கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொல்லி, சொல்லாமல் வந்து அளக்க ஊர் சம்மதிக்குமா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மாவு மில்லுக்காரர் எழுந்துவிட்டார்.

"ஏம்மா மெஷினு, சொல்லாம யாரும் வரக்கூடாதுன்னு அன்னைக்கு மல்லுக்கட்டினது யாரு?"

"நான்தாண்ணே."

"இன்னைக்கு சொல்லாம வர்றேன்னு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப எந்த மெஷின் சரியா ஓடுது?"

கூடம் சிரித்தது. சித்தியும் சிரித்தார். "ரெண்டும் ஓடுதுண்ணே. அன்னைக்கு வந்தவங்க யாருன்னு நமக்குத் தெரியாது. அடுப்படிக்குள்ள வந்து பானையைத் திறந்தாங்க. இன்னைக்கு வர்றது நான். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் துணி தைச்சவ. அப்புறம், நீங்க எல்லாரும் என் பேரைக் காப்பாத்தப் பார்த்தீங்க. அதுக்கு நான் கும்பிடறேன். ஆனா என் பேரு நல்லா இருந்து என் வீட்டுக்காரர் தரையில கிடந்தாரு. எனக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா முன்வரிசையில் இருந்தார். "நான் செத்திருந்தா எங்க தெரு கட்டாயம் ஜெயிச்சிருக்கும்" என்றார். சிரித்தவர்களை அவர்களின் மனைவிமார்கள் முறைத்தார்கள்.

"சொல்லாம வந்தா அது ஆராய்ச்சி இல்ல, ரெய்டு" என்று மில்லுக்காரர் விடவில்லை. "மனுஷன் வீட்டுல எப்படி எப்படியோ இருப்பான்."

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. பாதி ஊர் மில்லுக்காரர் பக்கம். ஒரு கட்டத்தில் டாக்டரம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் போல என்று எனக்குத் தோன்றியது. அப்போது பக்கத்து வீட்டு அத்தை, "வாசல்ல நின்னு கூப்பிடட்டும். வான்னா வரணும், வேண்டாம்னா ஏன்னு கேட்காம போயிடணும். அது முடியுமா?" என்றார்.

"முடியும்" என்றார் சித்தி.

"அந்த வீட்டு நம்பர் அந்த வீட்டோட இருக்கணும்."

"இருக்கும். தெருவாரியா இனி போர்டே கிடையாது."

"முதல்ல உன் வீடு" என்றார் மில்லுக்காரர்.

"நாளைக்கேன்னாலும் வாங்க."

"நாளைக்குன்னு சொல்லிட்டியே, அப்ப மாத்திரை போட்டுக்குவார்ல?"

இந்த முறை சித்தி வாய்விட்டுச் சிரித்தார். ஊர் கை தூக்கியது. எல்லாக் கையும் இல்லை, ஆனால் போதுமான கை. மில்லுக்காரரின் கை மட்டும் கட்டியபடியே இருந்தது.

சித்தி சொன்னபடி செய்தார். ஒரு நாள் காலை, ஒரு நாள் மாலை, சந்தை நாளில் ஒரு முறை, மழைக்கு நடுவில் ஒரு முறை. வாசலில் நின்று, "நான்தான், வரலாமா?" என்று ஒரே தடவை கூப்பிடுவார். அடுத்த தெரு நாய்கூட அதைத் தெரிந்துகொண்டது. சித்தியின் வீட்டை அளக்கப் பக்கத்து ஊர்க் களப்பணியாளர் சொல்லாமல் வந்தார். அளவு நாளில் தரையில் கிடந்த சித்தப்பாவின் எண் இப்போது கூரைப் பக்கம் ஏறியிருந்தது. இப்போது அவர் மாத்திரையைச் சித்தியின் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு, சித்தி பார்க்கும்போது போடுகிறார்.

மாவு மில்லுக்கு முதல் முறை போனபோது நானும் கூட இருந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் அதிர்ந்தது. மில்லுக்காரர் புருவம் வரை மாவு.

"வரலாமாண்ணே?"

"வேண்டாம்."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு சித்தி திரும்பினார். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. தெருமுனை தாண்டியதும், "கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கலாமே சித்தி" என்றேன்.

"வேண்டாம்னா போயிடுவேன்னு சொன்னேன்ல. போனாத்தான் அடுத்த தடவை வாசல் வாசலா இருக்கும்."

இரண்டாம் முறையும் வேண்டாம் என்றார். இரண்டாம் முறையும் சித்தி திரும்பினார். மூன்றாம் முறை நாங்கள் மில்லுக்குப் போகவே இல்லை. எதிர்ச் சாரியில் ஒரு வீட்டில் அளந்துவிட்டு மில்லைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். பெல்ட் நின்ற சத்தம் கேட்டது. மில்லுக்காரர் வாசலுக்கு வந்திருந்தார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்குக் கூப்பிடலையா?"

"நீங்கதான் வேண்டாம்னீங்களே."

"நீ மல்லுக்கட்டுவேன்னு பார்த்தேன்." நெற்றி மாவைத் துடைத்தார். "நாலு நாளா பின்மண்டை வலிக்குது. வீட்டுல சொல்லலை. உள்ள வா."

மில் ஓடாமல் நிற்பதைப் பார்ப்பது அந்தத் தெருவுக்குப் புதிது. அந்த அமைதியில் அவர் அரிசி மூட்டை மேல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கருவியின் எண்ணைப் பார்த்ததும் சித்தி முகத்தை மாற்றிக்கொள்ளாமல், இன்னொரு கையிலும் அளந்தார். பிறகு என்னிடம் வண்டியை எடுத்து வரச் சொன்னார். நகர மருத்துவமனையில் மில்லுக்காரரை இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை கால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்று அங்கே சொன்னதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு எந்த வாசலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முடிவு சொல்லும் கூட்டத்துக்கு நான் புதிய வரைபடம் போட்டேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த கோடு கடைசிப் புள்ளியில் செங்குத்தாக மேலே ஏறியது. பார்க்க அழகாக இல்லை. ஆனால் நான் போட்டவற்றில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடியது அதுதான். டாக்டரம்மா அதைச் சுருக்கமாக விளக்கினார். நமது உண்மையான அழுத்தம் இவ்வளவு, மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர்கள் இவ்வளவு பேர்தான், இனிமேல் இங்கிருந்துதான் இறக்க வேண்டும். மற்ற ஊர்களுக்குப் போகும் திட்டத்தில் தெருவாரிப் பலகை இருக்காது, வாசலில் நின்று கேட்கும் முறை இருக்கும் என்றார். பிறகு முதல் நாள் கொடுத்த வாக்குப்படி, இதை வெளியே சொல்லலாமா என்று ஊரைக் கேட்டார்.

மில்லுக்காரர் எழுந்தார். அவர் எழுந்தாலே சிரிக்கத் தயாராக இருந்த கூடம் காத்திருந்தது.

"சொல்லுங்க. எங்களை மாதிரி அந்த ஊர்க்காரங்களும் ஒரு வாரம் நடிக்கறதுக்கு முன்னாடி சீக்கிரம் சொல்லுங்க."

கைகள் எழுந்தன. எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. கூட்டம் கலைய ஆரம்பித்தபோது, பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு அத்தை குரல் கொடுத்தார்.

"ஏய் மெஷினு, அடுத்த தடவை எப்ப வருவே?"

சித்தி கருவியைப் பையில் வைத்து மூடினார்.

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்."